மிளகாயைச் சுருட்டும் இலைப்பேன் ஒரு காலத்தில் செம்பனைக்குக் காய் கொடுத்தது

கிள்ளான் பள்ளத்தாக்கில் நம்மவர் வீட்டு வாசலைப் பார்த்தால் கறிவேப்பிலைக்குப் பக்கத்தில் ஒரு மிளகாய்ச் செடியாவது இருக்கும். தாமான் வீடாக இருந்தால் மண்ணில். அடுக்குமாடி வீடாக இருந்தால் பழைய பெயிண்ட் வாளியில். நன்றாகத் தழைத்துப் பூ விடும் நேரத்தில் ஒரு நாள் நுனித் தளிர் படகு போல மேல்நோக்கிச் சுருண்டுகொள்ளும். புதிய இலை சிறுத்து, ஓரம் பழுப்பேறி, அடிப்பக்கம் வெள்ளி பூசியது போல மினுங்கும். பூ உதிரும். காய் பிடித்தாலும் தோலில் சொரசொரவென்று தழும்பு இருக்கும்.

கண் பட்டுவிட்டது என்பார் ஒருவர். உரம் அதிகம் என்பார் இன்னொருவர். கடைக்குப் போய்ப் பூச்சி மருந்து ஒரு போத்தல் வாங்கி அடிப்பவர்களே அதிகம். ஒரு வாரம், பத்து நாள் செடி தெளியும். பிறகு முன்பைவிட மோசமாகச் சுருளும். மறுபடி மருந்து, இந்த முறை கொஞ்சம் கூடுதலாக. சமையலுக்குப் பறிக்கிற மிளகாய் என்பது அந்த அவசரத்தில் மறந்துபோகும்.

இத்தனைக்கும் காரணம் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர் நீளம்கூட இல்லாத ஒரு பூச்சி. விவசாயக் கடைகளில் 'திரிப்ஸ்' என்பார்கள். தமிழ்நாட்டு விவசாயிகளிடம் 'இலைப்பேன்' என்ற பெயர் வழக்கில் இருக்கிறது. அந்தத் தமிழ்ப் பெயரையே இங்கே பயன்படுத்துவோம். 'திரிப்ஸ்' கிரேக்கச் சொல். மரத்தைத் துளைக்கும் புழுவுக்கு அவர்கள் வைத்த பெயர் எப்படியோ இதன்மேல் ஒட்டிக்கொண்டது. ஒன்றாக இருந்தாலும் திரிப்ஸ், ஆயிரமாக இருந்தாலும் திரிப்ஸ். ஒருமைக்கு 'திரிப்' என்று சொல்வது பிழை. தலையில் வரும் பேனுக்கும் இதற்கும் நேரடி உறவு கிடையாது, தூரத்துச் சொந்தம்தான்.

இந்தப் பூச்சியைப் பற்றி நாம் தெரிந்துகொள்ள வேண்டியது இரண்டு. மருந்து ஏன் பத்து நாளுக்கு மேல் நிற்பதில்லை என்பது ஒன்று. இலைப்பேன் என்பது ஒரே பூச்சி அல்ல, உலகில் 6,000க்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன, அவற்றில் சில நம் தோட்டப்புற வாழ்க்கையோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டவை என்பது மற்றொன்று.

முதலில் அதைக் கண்ணால் பாருங்கள்

ஒரு வெள்ளைத் தாளைச் செடியின் நுனிக்குக் கீழே பிடித்து, தளிரையும் பூவையும் விரலால் இரண்டு மூன்று முறை தட்டுங்கள். தாளில் தூசி போல விழுந்ததில் எது நகர்கிறது என்று கவனியுங்கள். கமாவை நீட்டி இழுத்தது போல ஒல்லியாக, வெளிர் மஞ்சளாகவோ பழுப்பாகவோ ஒன்று ஓடினால் அது இலைப்பேன். செவந்தி, சாமந்திப் பூவை உதறினாலும் இதே கதைதான். பூ கட்டுகிறவர்கள் கையில் எப்போதாவது 'சுருக்' என்று உணர்வது இதன் வேலையாக இருக்கலாம். மனிதத் தோலையும் இது சில நேரம் குத்திப் பார்க்கும். அதனால் நமக்கு நோய் எதுவும் வராது.

சுருண்ட இலை எல்லாமே இலைப்பேன் வேலை அல்ல. மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன் மீது சந்தேகப்படலாம். இலையின் ஓரம் கீழ்நோக்கி மடங்கி, காம்பு நீண்டு, கவிழ்த்த படகு போல இருந்தால் அது கண்ணுக்கே தெரியாத ஒரு சிலந்திப் பேனாக இருக்க வாய்ப்பு அதிகம். இலை மஞ்சள் பாரித்து, நரம்பு தடித்துச் சுருண்டால் வெள்ளை ஈ பரப்பும் வைரஸாக இருக்கலாம். மூன்றுக்கும் மருந்து வேறு. மூன்றாவதற்கு மருந்தே கிடையாது, செடியைப் பிடுங்குவதுதான் வழி. தாளில் தட்டிப் பார்க்காமல் கடைக்குப் போவதில் பாதிப் பணம் வீணாவது இதனால்தான்.

ஒரு பக்கத் தாடை, குஞ்சம் வைத்த சிறகு

இதன் வாய் பூச்சி உலகில் ஒரு விசித்திரம். மற்றப் பூச்சிகளுக்கு இடம், வலம் இரண்டு தாடையும் ஒன்று போல இருக்கும். இலைப்பேனுக்கு இடது தாடை மட்டுமே வளர்கிறது. வலது தாடை முட்டைக்குள்ளேயே கரைந்துவிடுகிறது. அந்த ஒற்றைத் தாடையை ஊசி போலக் குத்தி இலையின் மேல்தோலில் ஓட்டை போடும். பிறகு உறிஞ்சுகுழலை நுழைத்து, ஒவ்வோர் அணுவாகச் சாற்றைக் காலி செய்யும். காலியான அணுக்களில் காற்று புகுந்துகொள்கிறது. நாம் இலையில் பார்க்கும் வெள்ளிப் பளபளப்பு அந்தக் காற்றுதான். பக்கத்தில் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் அவை அதன் எச்சம்.

சிறகைச் சிறகு என்று சொல்வதே கொஞ்சம் அதிகம். ஒரு மெல்லிய குச்சி, அதன் இரு ஓரமும் நீண்ட முடி. சேலை முந்தானையில் குஞ்சம் கட்டியது போல இருக்கும். அறிவியல் இந்தப் பூச்சி வரிசைக்கு 'தைசனோப்டெரா' என்று வைத்த பெயருக்கும் 'குஞ்சச் சிறகு' என்றுதான் பொருள். 1836ஆம் ஆண்டு ஹாலிடே என்ற பூச்சியியலாளர் வைத்த பெயர் அது. இவ்வளவு சின்ன உடலுக்குக் காற்றே பாகு போலக் கெட்டியாகத் தெரியும். அதைத் துழாவிச் செல்ல முடியே போதும். தானாக அதிக தூரம் பறக்க முடியாது. ஆனால் காற்றில் ஏறிக்கொண்டால் எங்கும் போய்விடும். எட்டாவது மாடி வராந்தாவுக்கு எப்படி வந்தது என்ற கேள்விக்குப் பதில் இதுதான். நாற்றோடும், வாங்கி வந்த பூந்தொட்டியோடும் வருவதும் உண்டு.

மருந்து ஏன் நிற்பதில்லை

மிளகாயைத் தாக்கும் வகையில் பெண் பூச்சியின் வயிற்று நுனியில் ரம்பம் போன்ற ஓர் உறுப்பு இருக்கும். அதனால் இலையைக் கீறி, முட்டையை இலையின் சதைக்குள்ளேயே செருகிவிடும். இலைமேல் அடிக்கும் மருந்து உள்ளே இருக்கும் முட்டையைத் தொடாது.

முட்டையிலிருந்து வரும் குஞ்சு இரண்டு பருவம் இலையைத் தின்னும். சுருண்ட தளிரின் மடிப்பும் மூடிய மொட்டும் அதற்கு வீடு. தெளிக்கும் மருந்து அங்கேயும் சரியாகப் போவதில்லை. பிறகு அது தின்பதை நிறுத்திவிட்டுச் செடியை விட்டு இறங்குகிறது. மண்ணில், உதிர்ந்த சருகில், சில நேரம் கணுவின் இடுக்கில், அசையாமல் இரண்டு உறக்கப் பருவங்களைக் கழிக்கிறது. அப்போது அது எதையும் உறிஞ்சுவதில்லை. எனவே செடிக்குள் ஏறும் மருந்தும் அதைக் கொல்வதில்லை. பிறகு சிறகோடு எழுந்து வருகிறது.

ஆக, நீங்கள் மருந்து அடிக்கும் எந்த நாளிலும் குடும்பத்தில் ஒரு பகுதி இலைக்குள், ஒரு பகுதி மண்ணில். அகப்படுவது வெளியே இருப்பது மட்டும். நம் நாட்டு வெப்பத்தில் முட்டையிலிருந்து சிறகு முளைக்கும் வரை இரண்டு, மூன்று வாரம்தான். செடி தெளிந்தது போலத் தெரிந்து மறுபடி சுருளும் இடைவெளியும் ஏறக்குறைய அதுவே.

இன்னொரு வசதியும் இதற்கு உண்டு. ஆணோடு சேராத பெண்ணும் முட்டையிடும். கருவுறாத முட்டையிலிருந்து ஆண் பூச்சி வரும், கருவுற்றதிலிருந்து பெண். மருந்துக்குத் தப்பிய ஒரே ஒரு பெண்ணே போதும், குடும்பம் திரும்பத் தொடங்கிவிடும். தப்பியது அந்த மருந்தைத் தாங்கும் உடல்வாகு உள்ளதாக இருந்தால் அடுத்த தலைமுறைக்கும் அது போகிறது. ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடிப்பவர் தெரியாமலே இந்தத் தேர்வை நடத்திக்கொண்டிருக்கிறார்.

போதாக்குறைக்கு, மருந்தில் முதலில் சாவது இலைப்பேன் அல்ல. அதைத் தின்று வாழும் சிறு மூட்டைப்பூச்சி வகைகளும், கொன்றுண்ணும் சிலந்திப் பேன்களும், கண்ணாடிச் சிறகுப் பூச்சியின் குஞ்சுகளும்தான் முதலில் போகின்றன. அவை வெளியே திரிபவை, மடிப்புக்குள் ஒளிந்திருப்பவை அல்ல. காவல்காரர் போன பிறகு திருடன் திரும்புவது சுலபம்.

வைரஸ் விஷயத்திலும் இந்தப் பருவக் கணக்கு முக்கியம். தக்காளியை வாடச் செய்யும் புள்ளி வாடல் நோய் 1915ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவில் முதலில் கவனிக்கப்பட்டது. அதையும் அதன் உறவு வைரஸ்களையும் பரப்புவது சில வகை இலைப்பேன்கள். இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. நோயுள்ள செடியைக் குஞ்சாக இருக்கும்போது தின்றிருந்தால்தான் பூச்சி வைரஸைச் சுமக்கும். வளர்ந்த பிறகு தின்றால் பரப்பாது. சிறுவயதில் ஏறியது, சிறகு முளைத்த பிறகு ஊரெல்லாம் போகிறது. நோயுள்ள செடியை நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டுவைக்கக் கூடாது என்பதற்குக் காரணம் அதுதான்.

வீட்டுச் செடிக்கு என்ன செய்யலாம்

நாலைந்து செடி வைத்திருப்பவருக்குக் கடை மருந்தே தேவையில்லை என்பது என் கருத்து. சுருண்ட நுனியைக் கிள்ளி, பிளாஸ்டிக் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். செடிக்கு அடியிலேயே போட்டால் பயனில்லை. மூன்று நாளுக்கு ஒருமுறை காலையில் இலையின் அடிப்பக்கத்திலும் நுனியிலும் தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள். கடுமழைக்குப் பிறகு இலைப்பேன் குறைவதைப் பலர் பார்த்திருப்பார்கள், அதே வேலைதான் இது. வராந்தாவில் மழைச் சாரல் படாத செடிக்குத் தொல்லை அதிகம் இருப்பதும் இதனால்தான். தொட்டியில் உதிர்ந்த இலை, பூவை அள்ளிவிட்டால் மண்ணுக்கு இறங்கும் பூச்சிக்கு மறைவிடம் குறையும்.

வேப்பெண்ணெயைச் சில சொட்டுச் சவர்க்காரத்தோடு தண்ணீரில் கலந்து மாலையில் அடிக்கலாம். ஒருமுறை அடித்து விட்டுவிடாமல், ஐந்தாறு நாள் இடைவெளியில் மூன்று நான்கு முறை அடித்தால்தான் மண்ணிலிருந்து எழுந்து வருவதும் முட்டையிலிருந்து வருவதும் அகப்படும். உச்சி வெயிலில் அடித்தால் இலை கருகிவிடும்.

விற்பனைக்கு மிளகாய் போடுபவர்கள் பாத்தியின் மேல் வெள்ளி நிறப் பிளாஸ்டிக் விரிப்பதைப் பார்த்திருப்பீர்கள். களை வராமல் இருக்க மட்டும் அல்ல அது. கீழிருந்து மேலே அடிக்கும் வெளிச்சம் இறங்க வரும் இலைப்பேனைத் திசை குழப்புகிறது. விரிப்பு அதை மண்ணுக்குள் போகவும் விடாது. நீல நிற ஒட்டும் அட்டை தொங்கவிடுவதும் பயன்படும், முக்கியமாகப் பூச்சி வந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள.

மருந்துதான் வேண்டும் என்றால், லேபிள் உள்ள, பதிவு எண் உள்ள போத்தலாக வாங்குங்கள். 1974ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்படி நம் நாட்டில் விற்கும் மருந்து பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். தெளித்து எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்பது லேபிளில் இருக்கும். தோட்டத்தில் செம்பனைக்கு அடிக்கும் மருந்தைத் தண்ணீர்ப் போத்தலில் ஊற்றி வீட்டுக்குக் கொண்டுவரும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. அதை நிறுத்த வேண்டும். அந்த மருந்து எந்தப் பயிருக்கு, எந்த அளவுக்கு என்று எதுவும் தெரியாமல், குழந்தைகள் இருக்கும் வீட்டில், குடிக்கும் போத்தலில் வைப்பது ஆபத்து.

பெயர் வைப்பதில் நம்மவர்கள்

6,000க்கும் மேல் இனங்கள் இருந்தால் எது எது என்று பிரிப்பது எப்படி? முதல் பிரிவு சுலபமானது. வயிற்று நுனியில் ரம்பம் உள்ளவை ஒரு பக்கம். அவற்றுக்கு 'டெரிபிரான்ஷியா', துளைப்பவை என்று பெயர். வயிற்று நுனி குழாய் போல நீண்டவை மறு பக்கம், 'டியூபுலிஃபெரா', குழாய் உள்ளவை. குழாய் வகை இலைக்குள் முட்டை செருகாது, மேலேயே இடும். இதில் பல இனங்கள் பயிர்ப் பக்கமே வருவதில்லை. பட்டுப்போன கிளையிலும் சருகிலும் பூஞ்சையைத் தின்று வாழ்கின்றன.

குழாய் வகையைப் பார்க்க நுண்ணோக்கி வேண்டாம். வீட்டு முன்னாலும் கடை முன்னாலும் தொட்டியில் வைக்கும் பெஞ்சமினா அத்திச் செடியைப் பாருங்கள், மலாயில் 'பெரிங்கின்'. இளம் இலை நடுவில் மடிந்து ஒட்டிக்கொண்டு, செம்பழுப்புப் புள்ளியோடு இருந்தால் மெதுவாகப் பிரியுங்கள். உள்ளே இரண்டு, மூன்று மில்லிமீட்டர் நீளத்தில் கன்னங்கறுப்பாகப் பூச்சிகளும், மஞ்சள் குஞ்சுகளும், முட்டைகளும் ஒரே குடும்பமாக இருக்கும். இது தென்கிழக்கு ஆசியாவுக்கே உரிய இலைப்பேன். செடி வியாபாரத்தோடு உலகமெல்லாம் போய்விட்டது. இலையை மடித்து வீடாக்கும் இத்தகைய வகைகளில் ஆஸ்திரேலியாவில் இருக்கும் சிலவற்றில், எறும்பு போல வீட்டைக் காக்கும் போர்வீரப் பூச்சிகளே இருப்பதை 1992ஆம் ஆண்டு கிரெஸ்பி என்ற ஆய்வாளர் எழுதினார்.

தென்னிந்தியாவின் இலைப்பேன்களைப் பிரித்து அறிந்ததில் தமிழ்நாட்டுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் கோயம்புத்தூரில் பணியாற்றிய பூச்சியியலாளர் டி. வி. ராமகிருஷ்ண ஐயர் இவற்றைச் சேகரித்து எழுதத் தொடங்கினார். அடுத்த தலைமுறையில் டி. என். அனந்தகிருஷ்ணன். 1925ஆம் ஆண்டு பிறந்து 2015ஆம் ஆண்டு மறைந்த இவர், சென்னை லயோலா கல்லூரியில் பூச்சியியல் ஆய்வு நிலையத்தை உருவாக்கியவர், இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தின் இயக்குநராகவும் இருந்தவர். 1969ஆம் ஆண்டு வெளிவந்த அவருடைய இந்திய இலைப்பேன் நூல் இன்றும் பெயர் சொல்லப்படுவது. உலக அளவில் இந்தப் பூச்சியைப் பற்றிப் பேசினால் விட முடியாத பெயர்களில் ஒன்று அவருடையது. நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அவரைத் தெரியும் என்று தெரியவில்லை.

நம் மிளகாயைச் சுருட்டுவதன் அறிவியல் பெயர் 'சிர்ட்டோதிரிப்ஸ் டார்சாலிஸ்'. தென்னிந்தியாவில் கிடைத்த பூச்சிகளை வைத்து, 1919ஆம் ஆண்டு ஹூட் என்ற அமெரிக்கர் சூட்டிய பெயர் அது. மிளகாய் மட்டும் அல்ல. தேயிலைத் தளிர், பால்மரக் கன்றின் இளந்தளிர், ரோஜா என்று அது தின்னாதது குறைவு. 2005ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் காலூன்றி அங்கேயும் பெரிய தலைவலியானது. கத்தரிக்காய், வெள்ளரிக்காயில் வரும் மஞ்சள் இலைப்பேன் வேறு ஒன்று. அதற்கு 1925ஆம் ஆண்டு சுமத்ராவில் கிடைத்தவற்றை வைத்துப் பெயரிட்டார்கள்.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். சிர்ட்டோதிரிப்ஸ் டார்சாலிஸ் என்று நூறு ஆண்டுகளாக ஒரே பெயரில் அழைக்கப்பட்டது குறைந்தது ஒன்பது வெவ்வேறு இனங்களின் கூட்டம் என்று 2015ஆம் ஆண்டு மரபணு ஆய்வு காட்டியது. நுண்ணோக்கியில் பார்த்தாலும் பெரும்பாலும் ஒன்று போலவே இருக்கும். ஓர் ஊரில் கேட்ட மருந்து இன்னோர் ஊரில் கேட்காததற்கும், ஓர் ஊரில் வைரஸ் பரப்புவது இன்னோர் ஊரில் பரப்பாததற்கும் இது ஒரு காரணமாக இருக்க முடியும்.

பெயர் தெரியாத பூச்சி எல்லை தாண்டினால் என்ன ஆகும் என்பதைத் தெலுங்கு மாநிலங்கள் கண்டன. நம் தென்கிழக்கு ஆசியப் பக்கத்தில் வெகுகாலமாக இருந்த 'திரிப்ஸ் பார்விஸ்பைனஸ்' என்ற கறுத்த இலைப்பேன் 2015ஆம் ஆண்டு பெங்களூரில் பப்பாளிச் செடியில் பதிவானது. 2021ஆம் ஆண்டு ஆந்திராவிலும் தெலுங்கானாவிலும் மிளகாய் வயல்களில் வெடித்துப் பரவியது. பழைய இலைப்பேன் இலையில் இருக்கும். இது பூவுக்குள் கூட்டமாக நுழைந்துகொண்டது, பூ காயாகாமல் உதிர்ந்தது. வழக்கமான மருந்தை அடித்துப் பார்த்துக் கைவிட்டு, செடிகளையே பிடுங்கிப் போட்ட விவசாயிகள் உண்டு. நம் கடைகளில் விற்கும் குண்டூர் மிளகாய் அந்தப் பக்கத்தில் விளைவதுதான்.

செம்பனைக்குச் செய்த வேலை

இனி, தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு நெருக்கமான கதை.

செம்பனை நம் மண்ணின் மரம் அல்ல, மேற்கு ஆப்பிரிக்க மரம். 1848ஆம் ஆண்டு ஜாவாவின் போகோர் தாவரத் தோட்டத்தில் நட்ட நான்கு கன்றுகளிலிருந்துதான் இந்த வட்டாரத்துச் செம்பனை பெருகியது. இங்கே வாணிப அளவில் அதை முதலில் நட்டது 1917ஆம் ஆண்டு, கோலசிலாங்கூர் பக்கம் உள்ள தென்னமரம் தோட்டத்தில். பெயரிலேயே தமிழைச் சுமக்கும் தோட்டம் அது.

மரம் வந்தது, அதன் பூவை நாடும் பூச்சி வரவில்லை. செம்பனையில் ஆண் குலை வேறு, பெண் குலை வேறு. ஒரு மரத்தில் இரண்டும் ஒரே நேரத்தில் பூப்பது அரிது. மகரந்தம் ஒரு மரத்திலிருந்து இன்னொரு மரத்துக்குப் போக வேண்டும். காற்றே அதைச் செய்கிறது என்றுதான் வெகுகாலம் நம்பினார்கள். காற்று சரியாகச் செய்யாத இடங்களில் மனிதர்கள் செய்தார்கள். ஆண் குலையிலிருந்து மகரந்தத்தைச் சேகரித்து, காய வைத்து, டால்கம் தூளோடு கலந்து, முள்ளுக்கு நடுவே பெண் குலையைத் தேடி ஊதுவது ஒரு தனி வேலை. தோட்டத் தொழிலாளர்கள் நாள்கணக்கில் செய்த வேலை. வயதானவர்கள் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள், சிலருக்கு அந்தத் தூளும் ஊதுகுழலும் நினைவில் இருக்கும்.

ஆனால் தீபகற்ப மலேசியாவில் பல இடங்களில் ஊதாமலே ஓரளவு காய் பிடித்தது, சபாவில் பிடிக்கவில்லை. காற்று இரண்டு இடத்திலும்தானே வீசுகிறது? ஆப்பிரிக்காவிலும் மலேசியாவிலும் செம்பனைத் தோட்டங்களை அறிந்திருந்த யூனிலீவர் நிறுவனத்தின் லெஸ்லி டேவிட்சனுக்கு இந்த வித்தியாசம் உறுத்தியது. பாகிஸ்தானைச் சேர்ந்த பூச்சியியலாளர் ஆர். ஏ. சையத் 1970களின் பிற்பகுதியில் இதை ஆராய்ந்தார். பூத்திருக்கும் செம்பனைக் குலையிலிருந்து சோம்பு வாசனை வரும். மகரந்தத்தைக் காற்று மட்டும் சுமக்கிறது என்றால் வாசனை எதற்கு? அவர் கண்டது, தீபகற்பத்தில் அந்த வேலையை ஓர் இலைப்பேன் செய்துகொண்டிருந்தது. அதன் பெயர் 'திரிப்ஸ் ஹவாயென்சிஸ்'. 1913ஆம் ஆண்டு ஹவாயில் கிடைத்ததால் அந்தப் பெயர், ஆசியாவெங்கும் பூக்களில் வாழும் பூச்சிதான் இது. ஆண் குலையில் பெருகி, மேலெல்லாம் மகரந்தத்தோடு பெண் குலைக்கும் போய்வந்தது. சபாவின் தோட்டங்களில் அந்த உதவி இல்லை.

ஆப்பிரிக்காவில் அந்த வேலையைச் செய்வது ஒரு சிறு மூக்கு வண்டு. கேமரூன் நாட்டிலிருந்து அதைக் கொண்டுவந்து, வேறு பயிரைத் தாக்காது என்று சோதித்து, 1981ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஜொகூர், குளுவாங் பக்கத்துத் தோட்டங்களில் விட்டார்கள். ஓரிரு ஆண்டுகளுக்குள் நாடெங்கும் பரவியது. குலையில் காய் நெருங்கிப் பிடித்தது, குலை கனத்தது. மகரந்தம் ஊதும் வேலை முடிவுக்கு வந்தது. வண்டு கொண்டுவந்த லாபம் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். அது வருமுன் சம்பளமில்லாமல் பாதி வேலையைப் பார்த்த இலைப்பேனுக்கும், தூள் ஊதிய கைகளுக்கும் அந்தக் கணக்கில் இடம் குறைவு.

மெராந்தி மரத்தின் உச்சியில்

செம்பனையாவது வெளியூர் மரம். நம் காட்டு மெராந்திக்கும் இதே பூச்சி வகை வேலை செய்கிறது என்பது ஏறக்குறைய அதே காலத்தில் தெரியவந்தது. நெகிரி செம்பிலானில் உள்ள பாசோ வனக் காப்பகத்தில், மாடிக் கட்டடம் அளவு உயரமான மரங்களின் உச்சிக்கே ஏறி ஆராய்ந்தார்கள் எஸ். அப்பண்ணாவும் எச். டி. சானும். 1980, 1981ஆம் ஆண்டுகளில் அவர்களுடைய கட்டுரைகள் வெளிவந்தன.

மெராந்தி ஆண்டுதோறும் பூப்பதில்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை காடே சேர்ந்து பூக்கும். ஒரு மரத்தில் லட்சக்கணக்கில் பூ, எல்லாம் சில வாரங்களில் முடிந்துவிடும். இத்தனை பூவுக்குத் தேனீ எங்கே போவது? திடீரென்று பெருகக்கூடிய பூச்சி தேவை. பூவில் வாழும் இலைப்பேன் எட்டு நாளைச் சுற்றி ஒரு தலைமுறையை முடிக்கும். மொட்டுக் கட்டும்போதே பெருகத் தொடங்கி, பூக்கும்போது கூட்டமாகிவிடும். மிளகாய்ச் செடியில் நம்மை அழவைக்கும் அதே வேகம்தான் அங்கே விதைக்குக் காரணம்.

பூ மாலையில் விரியும். இலைப்பேன் உள்ளே இதழையும் மகரந்தத்தையும் தின்னும். மறுநாள் காலையில் இதழ்க் கூடு கழன்று, காற்றாடி போலச் சுழன்று தரையில் விழும், உள்ளே பூச்சியோடு. அன்று மாலை புதிய பூக்கள் விரிந்து மணம் பரப்பும்போது அவை மகரந்தம் ஒட்டிய உடம்போடு மேலே எழும்பிப் போகும். அதிக தூரம் பறக்க முடியாத பூச்சி, காற்று கொஞ்சம் தள்ளிவிட, வேறு மரத்தின் உச்சியிலும் போய் இறங்கும். அங்கே ஆறு மெராந்தி இனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக முறை வைத்தது போலப் பூத்ததையும் அவர்கள் கவனித்தார்கள். முதல் மரம் வளர்த்த பூச்சிக் கூட்டத்தை அடுத்த மரம் வாங்கிக்கொள்கிறது.

எல்லாக் காட்டிலும் இப்படித்தான் என்று சொல்ல முடியாது. சரவாக்கின் லம்பீர் மலைக் காட்டில் ஆராய்ந்தவர்கள், அங்கே மெராந்திப் பூவுக்கு முக்கியமாக வருவது வண்டுகள் என்று எழுதினார்கள். பாசோவிலும் பெரும்பூப்புக்கு இடைப்பட்ட ஆண்டுகளில் இலைப்பேன் காணாமல் போவதில்லை. கீழே வளரும் சிறு செடிகளும் கொடிகளும் அவ்வப்போது விடும் பூக்களில் சொற்ப எண்ணிக்கையில் தங்கியிருந்து, மெராந்தி மொட்டு விடும்போது மேலே ஏறுகிறது.